கறையில்லாத சட்டை

ஜனவரி 9

அச்சகத்து மகாராணிக்கு,

சௌக்கியமா என்று கேட்டு ஆரம்பிக்க மனசு வரவில்லை. நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய். நேற்று மூன்று தடவை போன் செய்தேன். முதல் தடவை எடுத்தாய், நான் நாலு வார்த்தை கேட்பதற்குள் வைத்துவிட்டாய். அப்புறம் எடுக்கவே இல்லை. எழுதினால் வைக்க முடியாதில்லையா, அதான் எழுதுகிறேன்.

என் தம்பி போன வாரம் ஒரு கைப்பையோடு வந்து நின்றான். கன்னம் ஒட்டி, தாடியும் தானுமாக இருந்தான். "என்னடா இது கோலம்?"னு கேட்டதற்கு, "அக்கா, கொஞ்ச நாள் இங்க இருந்துக்கறேன், அவ என்னை வீட்டுல வெச்சுக்க மாட்டேங்கறா"ன்னான். பதினோரு வருஷம் உன்னோடு குடும்பம் நடத்தியவன் அவன். தெருநாயை விரட்டுவதற்குக்கூட ஒரு காரணம் வேண்டும்.

நீ சொன்ன காரணத்தையும் அவனே சொன்னான். வாசனை வருதாம்! ஏம்மா, அவன் மர பாலிஷ் போடுகிறவன். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்து நாற்காலிக்கும் அலமாரிக்கும் பூசுகிறவன் மேல் பன்னீரா மணக்கும்? கட்டிக்கொள்ளும்போது தெரியாதா உனக்கு? நீ அச்சகத்தில் பிழை திருத்தித் திருத்தி, கண்ணில் படுவதெல்லாம் பிழையாகவே தெரிகிறது. மனுஷனை அப்படிப் படிக்கக்கூடாது.

நான் ஒன்றும் அவனைச் சும்மா உட்கார வைக்கவில்லை. இங்கே பக்கத்திலேயே ஒரு மரச்சாமான் பட்டறை, அங்கே சேர்ந்துவிட்டான். என் வீட்டுக்காரர் லாரியோடு போனால் பத்து நாள், பன்னிரண்டு நாள் ஆகிறது திரும்ப. சலவைக் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு நான் என் பெண் வாலுவைப் பள்ளிக்கூடத்தில் விட ஓடிக்கொண்டிருந்தேன். இப்போது அவன் பைக்கில் ஏற்றிக்கொண்டு போகிறான். மாமா மாமா என்று அது அவன் முதுகிலேயே தொங்குகிறது. உன் வீட்டில் ஆகாதவன் என் வீட்டில் எப்படி ஆனான் என்று யோசித்துப் பார்.

உன் மகளுக்கு என் முத்தம். உனக்கு இல்லை.

இப்படிக்கு,
உன் புருஷனின் அக்கா


ஜனவரி 14

அண்ணிக்கு,

வணக்கம். கடிதம் வந்தது. கடை விலாசத்துக்கே பதில் போடுகிறேன். வீட்டு விலாசத்துக்குப் போட்டால் அவர் கைக்குத்தான் முதலில் போகும். போனிலும் அதே பயம். என் போனை நான் தூங்கும்போது எடுத்துப் பார்த்தவர், உங்கள் போனைப் பார்க்க மாட்டார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

உங்கள் தம்பி குடிக்கிறார். எப்போதாவது இல்லை, தினமும். இதை இவ்வளவு வெளிப்படையாக எழுதுவது இதுதான் முதல் தடவை.

வாசனையைப் பற்றிக் கேட்டீர்கள். எட்டு வருஷம் நானும் அதையேதான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். வேலை வாசனை, வேலை வாசனை. போன ஆகஸ்டில் அவர் வேலை செய்த பட்டறையில் கூரை ஒழுகி, இரண்டு வாரம் பூட்டு போட்டிருந்தார்கள். அது எனக்குத் தெரியாது. அந்த இரண்டு வாரமும் அவர் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பினார், சாயங்காலம் ஸ்பிரிட் வாசனையோடு வந்தார். பதினைந்தாம் நாள் முதலாளியின் மனைவியைக் கடைத்தெருவில் பார்த்தேன். "பட்டறை மூடிக் கெடக்கறதுல உங்களுக்கும் கஷ்டம்தான், இல்ல?" என்றாள். நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அன்றைக்கு அவருடைய பையைச் சோதித்தேன். மருந்து பாட்டில் அளவுக்கு ஒரு பாட்டிலில் ஸ்பிரிட் இருந்தது. வீட்டுக்கு வருமுன் சட்டையில் தடவிக்கொள்வதற்காக. குடித்த வாசனையை மறைக்க வேலை வாசனை.

இதைப் படித்து நீங்கள் நம்ப மாட்டீர்கள். பரவாயில்லை. ஒன்றே ஒன்று மட்டும் கேளுங்கள். வாலுவை அவர் பைக்கில் ஏற்றாதீர்கள். என் மகளுக்குப் போன வருஷம் கை முறிந்ததே, அது மாடிப்படியில் விழுந்து இல்லை. அவர் பைக்கிலிருந்து விழுந்து. காலை ஒன்பது மணிக்கு, காலியான சாலையில், தானாகப் போய் நடைபாதையில் மோதினார்.

இதற்கு மேல் உங்கள் இஷ்டம்.

தங்கள்,
தம்பி மனைவி


ஜனவரி 20

மகாராணிக்கு,

பேஷ். நல்லா எழுதுகிறாய். அச்சில் ஏற்றலாம்.

உன் கடிதத்தைக் கடையில் இஸ்திரி மேஜையிலேயே வைத்துப் படித்தேன், பாதியில் ஒரு வாடிக்கையாளரின் காலரைத் தீய்த்துவிட்டேன். அவ்வளவு கோபம். அப்புறம் என் போனை எடுத்து, போன வருஷம் நீ அனுப்பிய செய்தியைத் தேடினேன். இருக்கிறது, அழியவில்லை. "மாடிப்படி ஈரமாக இருந்தது அண்ணி, வழுக்கிவிட்டாள், இவர்தான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்." உன் கையால் தட்டியது. இதில் எது பொய்? அது பொய் என்றால், என்னிடம் கூசாமல் பொய் சொன்னவள் நீ. இது பொய் என்றால், இன்னும் மோசம். இரண்டில் எதை வைத்துக்கொண்டு உன்னை நான் நம்புவது?

அது மட்டுமா? போன மழைக்காலத்தில் என் வீட்டுக்காரரின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நீங்கள் வரவில்லை. இவனுக்குக் காய்ச்சல் என்றாய். அதற்கு முன்னால் என் ஆபரேஷனுக்கு வரவில்லை. இவனுக்கு முதுகுப் பிடிப்பு என்றாய். அதெல்லாமும் கதைதானா? உன் வாயிலிருந்து எது வந்தாலும் இனி நான் உரசிப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்ளணும்.

சரி, நீ இவ்வளவு வெளிப்படையாக எழுதியபின் நானும் கேட்டுவிடுகிறேன். புதன்கிழமை சாயங்காலம் எங்கே போகிறாய்? தம்பி தானாகச் சொல்லவில்லை, நான்தான் தோண்டிக் கேட்டேன். நாலு மாசமாக ஒவ்வொரு புதன்கிழமையும் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு கிளம்புகிறாயாம். எட்டரை மணிக்கு அழுத கண்ணோடு வருகிறாயாம். கேட்டால் "வேலை" என்கிறாயாம். எந்த அச்சகத்தில் அழுகிற வேலை? ஒருத்தனை வீட்டை விட்டுத் துரத்துவதற்கு அவன் குடிகாரன் என்று சொல்வது சுலபமான வழி. வேறு என்னவோ இருக்கிறது என்று என் மனசு சொல்கிறது.

வாலு தினமும் பைக்கில்தான் போகிறது, வருகிறது. ஒரு கீறல் கிடையாது. காலையில் அவன் கிளம்பும்போது பக்கத்தில் நின்றுதான் வழியனுப்புகிறேன். பல் தேய்த்த வாசனை தவிர வேறொன்றும் இல்லை.

இப்படிக்கு,
அண்ணி


ஜனவரி 26

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அப்புறம் பொறுக்கி ஒட்டிப் படித்தேன்.

புதன்கிழமை நான் எங்கே போகிறேன் என்று எழுதுகிறேன். பல் மருத்துவர் ஒருவருடைய கிளினிக்குக்கு மேல்மாடி. இருபது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மின்விசிறி, ஒரு தேநீர்க் குடுவை. குடிக்கிறவர்களின் வீட்டு மனிதர்கள் அங்கே வாரம் ஒருமுறை கூடுகிறார்கள். பேர் கேட்பதில்லை. காசு கேட்பதில்லை. ஒரு வெல்டர் வருகிறார், அவருக்கு அம்மாவால் தொல்லை. ஒரு வங்கி மேலாளரின் மனைவி வருகிறாள். கல்லூரிப் பெண் ஒருத்தி அண்ணனுக்காக வருகிறாள். என் அச்சகத்துக்கு வந்த ஒரு சிறு துண்டறிக்கையைப் பிழை திருத்தும்போதுதான் அந்த முகவரி கிடைத்தது. அதில் பத்து கேள்வி இருந்தது. குடிப்பதைக் குறைத்துக்கொள்வதாகச் சொல்லித் தோற்றதுண்டா, காலையில் கை நடுங்குகிறதா, குடிப்பதை மறைக்கிறாரா, அவருக்காக நீங்கள் பொய் சொன்னதுண்டா. நான் வேலையை விட்டுவிட்டு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்தில் ஒன்பதுக்கு ஆமாம். மேற்பார்வையாளர் வந்து, "என்னம்மா, ஒரு துண்டறிக்கைக்கு ஒரு மணி நேரமா?" என்றார்.

முதல் மூன்று வாரம் அங்கேயும் நான் யாரையும் நம்பவில்லை. இவர்களில் யாராவது என் அலுவலகத்தில் போய்ச் சொல்லிவிடுவார்களோ என்று வாசல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நல்ல புடவை கட்டிக்கொண்டு போனது உண்மை. எங்கள் வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை என்று அவர்களுக்குத் தெரியட்டும் என்று.

காய்ச்சல் பொய். முதுகுப் பிடிப்பு பொய். உங்கள் ஆபரேஷன் அன்றைக்கு அவர் குளியலறையில் விழுந்து கிடந்தார், நான் கதவை உடைத்துக்கொண்டிருந்தேன். எட்டு வருஷமாக அவருடைய முதலாளிக்கும், பள்ளிக்கூடத்துக்கும், என் அம்மாவுக்கும், உங்களுக்கும் நான் சொன்ன பொய்களால்தான் இன்றைக்கு நான் சொல்லும் உண்மை உங்கள் காதில் ஏறவில்லை. இதை எனக்கு நானே செய்துகொண்டேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் இந்த விஷயத்தில் இல்லை.

அவரை நான் துரத்தவில்லை. மருத்துவரிடம் வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால் இந்த வீட்டில் இருக்கலாம், இல்லையென்றால் முடியாது என்று சொன்னேன். அவர் பையை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தார். தேர்ந்தெடுத்தது அவர்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன், உரசிப் பார்க்காமல் பதில் எழுதுங்கள். கல்யாணம் பேசும்போது, "எங்க தம்பிக்கு ஒரு கெட்ட பழக்கம் கிடையாது" என்று என் அம்மாவிடம் நீங்கள்தான் சொன்னீர்கள். யாரும் கேட்காமலேயே சொன்னீர்கள். அப்போதே உங்களுக்குத் தெரியுமா?

வாலுவைப் பைக்கில் ஏற்றாதீர்கள்.

தங்கள்,
தம்பி மனைவி


பிப்ரவரி 3

தம்பி மனைவிக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாளாச்சு. எழுத உட்கார்ந்தால் யாராவது துணி கொண்டு வந்துவிடுகிறார்கள். அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு விஷயம். எனக்கு இருபத்திரண்டு வருஷமாக இதே தொழில். சட்டையைக் கையில் வாங்கினால் போதும், அவன் என்ன சாப்பிட்டான், எங்கே உட்கார்ந்தான், எந்தக் கையால் எழுதுகிறான் என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. அரக்கு பாலிஷ் கறை எனக்கு நன்றாகத் தெரியும். சட்டைக்கை ஓரத்திலும் வயிற்றுப் பக்கத்திலும் செம்பழுப்பாகப் பிடித்துக்கொள்ளும், சோப்புக்கு மசியாது. தம்பி வந்த முதல் வாரம் அவன் சட்டைகளில் அந்தக் கறையை எடுக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் துணியைத் துவைக்க எடுத்தேன். ஆறு சட்டை. ஆறிலும் ஸ்பிரிட் மூக்கைத் துளைக்கிறது. ஆறிலும் ஒரு பொட்டுக் கறை இல்லை.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். கறை இல்லை. நகத்தைப் பார்க்கலாம் என்று சாப்பிடும்போது கையைப் பார்த்தேன், நகம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. "என்னக்கா அப்படிப் பாக்கற?"ன்னான். "ஒண்ணுமில்லடா, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ"ன்னேன்.

திங்கட்கிழமை கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டுப் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரன் ரம்பத்தை நிறுத்தாமலேயே பதில் சொன்னான். "அவரா? எட்டு நாள் வந்தாரு. அப்புறம் ஆளையே காணோம்." காது கேட்காத மாதிரி இன்னொரு தடவை கேட்டேன். அதையேதான் சொன்னான்.

உடனே உன் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று நினைக்காதே. மானம் தாங்காமல் வேறு வேலை தேடிக்கொண்டிருக்கலாம். என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டிருக்கலாம். ஆனால் என் கண் இப்போது சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. கழிவறைத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்த்தேன். பைக் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். வாலுவின் தண்ணீர் பாட்டிலைக்கூட முகர்ந்து பார்த்தேன், த்தூ, என்ன பிழைப்பு இது! நீ எங்கெல்லாம் தேடினாய்? எழுது.

வீட்டுக்காரர் பத்தாம் தேதி வருகிறார். அவர் வந்ததும் இருவருமாக உட்கார வைத்துக் கேட்கிறோம். அதுவரைக்கும் ஒன்றும் தெரியாத மாதிரி இருக்கப்போகிறேன். திடீரென்று வாலுவைப் பைக்கில் அனுப்பாமல் நிறுத்தினால் அவனுக்குப் புரிந்துபோகும், பையைத் தூக்கிக்கொண்டு எங்காவது போய்விடுவான். ஒரு வாரம்தானே. காலையில் நன்றாகத்தான் இருக்கிறான், நான் முகர்ந்து பார்த்துத்தான் ஏற்றிவிடுகிறேன்.

கல்யாணப் பேச்சைப் பற்றி நீ கேட்டதற்குப் பதில் அப்புறம் எழுதுகிறேன்.

அண்ணி


பிப்ரவரி 8

அண்ணி,

உங்கள் கடிதம் சனிக்கிழமை சாயங்காலம் கிடைத்தது. கடைசிப் பத்தியைப் படித்ததும் போன் செய்தேன். எடுத்தவர் அவர். "அக்கா குளிக்கறா" என்றார். அரை மணி கழித்துச் செய்தேன். "அக்கா தூங்கிட்டா" என்றார். ஞாயிறு காலையில், "கடைக்குப் போயிட்டா." உங்கள் கடை ஞாயிற்றுக்கிழமை கிடையாது என்று எனக்குத் தெரியாதா? "எதுக்கு இத்தனை தடவை கூப்பிடறே, என்ன சொல்லணும் அவகிட்ட?" என்றார். குரல் தெளிவாக இருந்தது. அவர் தெளிவாக இருக்கும்போதுதான் எனக்கு அதிகம் பயம்.

கடை எண்ணில் இன்று மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. காலை எட்டு மணிக்கு வாலுவின் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தேன். நான் யார் என்று சொன்னேன். இந்தத் தடவை காய்ச்சல், படிக்கட்டு என்று எதுவும் சொல்லவில்லை. "குழந்தையைக் கொண்டுவந்து விடுகிறவர் குடிக்கிறவர், அவள் நேரத்துக்கு வரவில்லையென்றால் அம்மாவின் கடைக்கு உடனே தகவல் சொல்லுங்கள்" என்று சொல்லி, உங்கள் கடை எண்ணைக் கொடுத்தேன். போனை எடுத்த ஆசிரியை பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அவ போன மாசத்துலேருந்து பதினோரு நாள் லேட்டுங்க. லேட் நோட்டுல மாமாதான் கையெழுத்துப் போட்டிருக்காரு" என்றாள்.

தேடுவதை விடுங்கள் அண்ணி. நான் இரண்டு வருஷம் தேடினேன். தேடிக் கண்டுபிடித்ததில் ஒரு சொட்டுகூட அவர் குறைக்கவில்லை. குழந்தையை மட்டும் இறக்கிவிடுங்கள். இன்றைக்கே.


பிப்ரவரி 19

தம்பி மனைவிக்கு,

கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். போன் இருக்கிறது, உன் எண்ணும் இருக்கிறது. நான்கைந்து தடவை எடுத்தேன். ஆனால் நான் சொல்லவேண்டியதை உன் குரலைக் கேட்டுக்கொண்டே சொல்ல எனக்குத் தைரியமில்லை.

ஒன்பதாம் தேதி காலை ஒன்பது இருபதுக்குக் கடை போன் அடித்தது. வாலு வகுப்பில் இல்லை என்றார்கள். எட்டு மணிக்குக் கிளம்பியவர்கள். உன் கடிதம் அப்போது எனக்கு வந்துசேரவில்லை, அதனால் பள்ளிக்கூடம் ஏன் இப்படி உடனே கூப்பிடுகிறது என்றுகூட எனக்குத் தெரியாது. இஸ்திரிப்பெட்டியை அணைத்தேனா இல்லையா, அதுவும் தெரியாது. ஓடினேன். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியெல்லாம் அடிபட்டுக் கிடக்கிறார்களா என்று சாலையைப் பார்த்துக்கொண்டே ஓடினேன்.

பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மதுக்கடை இருக்கிறது, அதன் பக்கச் சந்தில் பைக் நின்றுகொண்டிருந்தது. அதன்மேல் என் பிள்ளை உட்கார்ந்திருந்தது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஆம்பிளைகள் போகிறார்கள், வருகிறார்கள்.

என்னைப் பார்த்ததும் அழவில்லை. "அம்மா, நான் எறங்கலம்மா. மாமா எறங்கக் கூடாதுன்னாங்க"ன்னு சொன்னது. எவ்வளவு நேரமாடி இருக்கே என்று கேட்டேன். "ரெண்டு நிமிஷம்னாங்க. நான் நூறு நூறா எண்ணினேன். நேத்து ஏழு நூறு. இன்னிக்கு நெறைய ஆயிடுச்சு, மறந்துட்டேன்." தினமும் நின்றிருக்கிறார்கள். காலையில் என் வாசலில் பல் தேய்த்த வாசனையோடு கிளம்பி, வழியில் குடித்துவிட்டு, அதே கையோடு என் பிள்ளையைப் பின்னால் வைத்து ஓட்டியிருக்கிறான். நான் முகர்ந்து பார்த்துத்தான் ஏற்றிவிட்டேனாம்! எவ்வளவு கெட்டிக்காரி நான்!

அப்புறம் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். அவனை வீட்டுக்கு இழுத்து வந்து, பின்கட்டு அறையில் போட்டுப் பூட்டினேன். மூன்று நாள் ஒரு சொட்டு கிடைக்காவிட்டால் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வீட்டுக்காரர் மறுநாள் வந்தார், "யாராவது டாக்டரைக் கேட்டியா?" என்றார். நான் கேட்கவில்லை. நான்தான் எல்லாம் தெரிந்தவளாச்சே. முதல் நாள் கத்தினான். இரண்டாம் நாள் சட்டையெல்லாம் வேர்வை, தம்ளரைப் பிடிக்க முடியாமல் கை ஆடுகிறது. மூன்றாம் நாள் காலையில் சுவரெல்லாம் எறும்பு என்று சுரண்டிக்கொண்டிருந்தான், அங்கே ஒரு எறும்பும் இல்லை. நான் கதவைத் திறந்து உள்ளே போவதற்குள் வலிப்பு வந்து விழுந்தான்.

பிழைத்துவிட்டான். டாக்டரம்மா சின்ன வயசு, என் சலவைக் கடைக்கு வெள்ளைக் கோட்டு போடுகிற பெண்தான். "பல வருஷமா குடிக்கறவங்க திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்தும்மா. மருந்து கொடுத்து, பக்கத்துல இருந்து பார்த்துத்தான் நிறுத்தணும். இது நோய். பூட்டி வெச்சுத் தீர்க்கற விஷயமில்ல" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு ஒரு படிவத்தை எடுத்தாள். பேர், வயசு எழுதிக்கொண்டாள். "எத்தனை வருஷமா குடிக்கறாரு?" என்று கேட்டாள். எட்டு வருஷம் என்று நீ எழுதியிருந்தாய். எட்டு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரியா சொல்லுங்கம்மா, மருந்துக்கு அது முக்கியம்" என்றாள்.

இருபத்தோரு வருஷம் என்றேன்.

நீ கேட்டாயே. தெரியும். அவனுக்குப் பதினெட்டு வயசில், ஒரு சாயங்காலம் கொல்லைப்பக்கம் வாந்தி எடுத்துக்கொண்டு விழுந்து கிடந்தான். அப்பா வருவதற்குள் நான்தான் கழுவிவிட்டு, சட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன். அதுதான் நான் எடுத்த முதல் கறை. அதற்கப்புறம் எத்தனையோ. கல்யாணம் ஆனால் திருந்திவிடுவான் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். உன் அம்மா கேட்காமலேயே நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், அவர் கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில்தான். நீ கெட்டிக்காரி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள், உன் கையில் கொடுத்தால் நீ பார்த்துக்கொள்வாய் என்று நினைத்தேன். என் பாரத்தை உன் தலையில் இறக்கிவைத்துவிட்டு, பதினோரு வருஷம் உன்னை மகாராணி மகாராணி என்று கேலியும் செய்தேன்.

மன்னிப்பு கேட்கத் தெரியவில்லை. இந்த வயசில் புதுசாகக் கற்றுக்கொள்ளணும்.

இங்கேயே சிகிச்சைப் பிரிவில் ஆறு வாரம் வைத்துக்கொள்கிறார்கள். அவனே கையெழுத்துப் போட்டான், ஆனால் அவன் கையெழுத்தை நான் எவ்வளவு நம்பலாம் என்று எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் குடும்பத்தார் கூட்டம். கட்டாயம் வரணும் என்கிறார்கள். எனக்கு அங்கே தனியாக உட்காரப் பயமாக இருக்கிறது. வா என்று கூப்பிட எனக்கு உரிமை இல்லை.

அண்ணி


பிப்ரவரி 23

அண்ணிக்கு,

வாலு எப்படி இருக்கிறாள்? தூங்குகிறாளா? அவள் மேல் தப்பு இல்லை என்று அவளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு தடவை போதாது.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பத்து நிமிஷம் உங்களைத் திட்டினேன். எல்லாரும் தெரிந்தே அவரை எனக்குக் கட்டிவைத்திருக்கிறீர்கள் என்று நான் நினைத்த நாட்களிலெல்லாம், எனக்குப் புத்தி கெட்டுப்போய் வீணாகச் சந்தேகப்படுகிறேன் என்று என்னையே நொந்துகொண்டேன். அந்தச் சந்தேகம் சரிதான் என்று இப்போது தெரிகிறது, அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அதுவும் பழைய மாதிரி ஒரு பொய்தான்.

ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, நான் மட்டும் மறைத்து வைத்துக்கொண்டு உங்கள் பக்கத்தில் வந்து உட்கார முடியாது. புதன்கிழமைக் கூட்டத்தில் ஐந்து மாசமாக எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன், இதைத் தவிர.

என் மகள் கை முறிந்த அன்று காலையில் எனக்கு வாசனை வந்தது. அவர் குனிந்து அவளுடைய காலணி நாடாவைக் கட்டினார், அப்போது வந்தது. வேலை வாசனை இல்லை. எனக்குத் தெரியும். அன்றைக்குப் பத்து மணிக்குள் நாற்பது பக்கம் திருத்தி அச்சுக்குக் கொடுக்கவேண்டும். வாயைத் திறந்தால் சண்டை, சண்டை போட்டால் ஒரு மணி நேரம் போய்விடும். அவள் ஹெல்மெட்டின் வாரை நான்தான் மாட்டினேன். நான்தான் தூக்கிப் பைக்கில் உட்கார வைத்தேன். கைகூட அசைத்தேன். உங்களுக்கு நான் திரும்பத் திரும்ப "ஏற்றாதீர்கள், ஏற்றாதீர்கள்" என்று எழுதியதெல்லாம் அந்த ஒரு காலையை நினைத்துத்தான்.

நேற்று அதை அவளிடம் சொல்லிவிட்டேன். பத்து வயசுப் பிள்ளையிடம் சொல்லலாமா என்று தெரியவில்லை, ஆனால் சொன்னேன். "அன்னிக்கு அப்பா குடிச்சிருந்தது அம்மாவுக்குத் தெரியும்டா. தெரிஞ்சும் உன்னை ஏத்திவிட்டேன். அது அம்மா செஞ்ச தப்பு" என்றேன். அவள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எனக்கும் வாசனை வந்துச்சும்மா"ன்னா. "நீ தூக்கி உக்கார வெச்சே இல்ல, அதான் ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

சனிக்கிழமை ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரி வாசலில் இருப்பேன். அவருக்காக வரவில்லை. அவரைத் திரும்ப வீட்டில் சேர்த்துக்கொள்வேனா என்று இப்போது யாரும் என்னைக் கேட்கக்கூடாது, நீங்களும் கேட்காதீர்கள். மகளும் வருகிறேன் என்கிறாள். பேருந்தில்தான் வருகிறோம்.

தங்கள்,
தம்பி மனைவி